கேட்கப் போனவர்களைக் கேட்ட கேள்விகள்

1997 பிப்ரவரி 8, சனிக்கிழமை. கோவையில் ஒரு கல்லூரியின் மாடி அரங்கில் பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய பயிலரங்கு, பத்தே முக்காலுக்குக் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கியது. மேடையில் கட்டியிருந்த துணியில் ‘சமூகவியல் கற்பித்தலில் நடைமுறை உத்திகள்’ என்று எழுதியிருந்தது. கோவை, ஈரோடு பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து சமூகவியல் ஆசிரியர்கள் முப்பது பேர் வரை வந்திருந்தார்கள். அவரவர் வகுப்பில் பலித்த வழியை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆளுக்கு இருபது நிமிடம். ஆறாவது பெயர் கிருபா, வயது முப்பத்தெட்டு, நகரத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருக்கும் பெண்மணி. முதல் ஐந்து பேர் பேசி முடித்தபோது மணி ஒன்றேகால் ஆகியிருந்தது. ஒன்றரைக்குச் சாப்பாடு.

அந்த இருபது நிமிடத்தை நம்பித்தான் கிருபா வந்திருந்தார். மதியம் இதே அரங்கில் பாடத்திட்டக் குழு கூடுகிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இருக்கும் களப்பணிப் பேப்பரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டர் அறிமுகம் என்று ஓர் எழுத்துத் தேர்வு வைக்கலாம் என்பது குழுவின் முன்னால் இருக்கும் யோசனை. களப்பணி போய்விட்டால் கிருபாவுக்குச் சம்பளம் குறையாது, வேலையும் போகாது. ஐந்து வருடமாக அவர் பாடம் நடத்துகிற வழி மட்டும் போய்விடும். மற்ற பேப்பர்களை யார் வேண்டுமானாலும் நோட்ஸ் கொடுத்து நடத்தலாம் என்பது அவர் கட்சி. அவரே அப்படித்தான் நடத்துகிறார், எரிச்சலோடு.

கிருபாவின் ஊர் கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய காலனி. அப்பா நெல் வயலில் கூலிக்குப் போனவர். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா. அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தர் சொல்லித்தான் கிருபா விடுதியில் தங்கிப் படித்தார். எம்.ஏ. படிக்கும்போது ஆய்வுக்காக அச்சடித்த வினாப்பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஒரு கிராமத்தில் நூறு வீடு ஏறி இறங்கினார். ‘இவ்வூரில் தீண்டாமை உண்டா?’ என்று ஒரு கேள்வி. நூறு வீட்டிலும் “அதெல்லாம் இங்க இல்லீங்க” என்றார்கள். நூற்றுக்கு நூறு என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். முதல் வகுப்பு கிடைத்தது.

“நூறு ஊட்டுலயும் வாசல்ல நின்னுதான் கேட்டேன். ஒரு ஊட்டுக்குள்ளயும் போகல. அத எழுத அந்தப் பேப்பர்ல கட்டம் இல்ல” என்றார், இதை எழுதுவதற்காகச் சந்தித்த என்னிடம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

கொங்கு நாட்டில் வினாப்பட்டியலோடு போகிறவர்களுக்கு இரண்டு தொல்லை. முதல் தொல்லை மரியாதை. வந்தவர் முகம் கோணும்படி இங்கே யாரும் பதில் சொல்வதில்லை. குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேட்டால் ஆமாங்க, பெண் கல்வி வேண்டுமா என்றால் வேணுமுங்க, வரதட்சணை வாங்குவீர்களா என்றால் சேச்சே, இல்லீங்க. கேட்கிறவர் எந்தப் பதிலை விரும்புகிறார் என்பதைக் கேள்வியிலிருந்தே கண்டுபிடித்து அதையே கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது தொல்லை, கேட்கப் போனவர் வாயைத் திறக்கும் முன்பே கேட்கப்பட்டவர் தொடங்கிவிடுவார். எந்தூருங்க? அங்க எந்தப் பக்கமுங்க? யாரூட்டுப் பையனுங்க? கொலசாமி எங்க இருக்குதுங்க? குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரைச் சொன்னால் போதும், இன்னார் என்று தெரிந்துவிடும். சாதி என்ற வார்த்தையே வராது. அவ்வளவும் சிரித்த முகமாக, வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டு நடக்கும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் மாணவர்கள் களப்பணியிலிருந்து திரும்பி வந்து இதை ஒரு புகாராகச் சொன்னார்கள். “நாங்க கேள்வியே கேக்க முடியல மேடம். அவங்கதான் கேக்கறாங்க.” வினாப்பட்டியலில் இருந்ததோ வழக்கமான ஆமாங்க, இல்லீங்க. கிருபா அந்தத் தாள்களை அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டுவிட்டு, உங்களிடம் அவர்கள் என்னென்ன கேட்டார்கள், எந்த வரிசையில் கேட்டார்கள், எந்தக் கேள்வியோடு நிறுத்தினார்கள், அதை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அவர் கண்டுபிடித்த உத்தி இவ்வளவுதான்.

மதுக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம் என்கிறார், மாணவர்கள் இன்னும் போய்வருகிற ஊர். அங்கே பாவாத்தாள் என்ற தோட்டத்துக்கார அம்மாவின் வீட்டுக்கு, பேருக்கு ஒரு வினாப்பட்டியலைக் கையில் கொடுத்து, இரண்டு பேரை வெவ்வேறு நாளில் அனுப்பினார். முதலில் போனவள் சண்முகப்ரியா, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள வீட்டுப் பெண். எந்தூரு கண்ணு, யாரூடு, கொலசாமி எங்க என்று மூன்று கேள்வி முடிந்ததும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு, எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்தார் பாவாத்தாள். பிறகு தன் நாத்தனார் வீட்டில் பி.காம். படித்த பையன் இருப்பதாக ஆரம்பித்தார். சண்முகப்ரியா வினாப்பட்டியலை எடுக்கவே இல்லை. கல்யாணம் நிச்சயமாகாமல் தப்பித்து வந்ததே பெரிய காரியம் என்று வகுப்பில் சொன்னாள்.

இரண்டாவதாகப் போனவன் ரவிக்குமார். ஆனைமலைக்குப் பக்கத்துக் காலனி. எந்தூருங்க தம்பி என்றார் பாவாத்தாள். ஆனைமலைங்க. அங்க எந்தப் பக்கமுங்க? சொன்னான். மூன்றாவது கேள்வி வரவில்லை. ஆனால் மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வேப்பமர நிழலில் கட்டில் போட்டு உட்காரச் சொன்னார். மரமேற ஆளை விட்டு இளநீர் இறக்கி, சீவிக் கொடுத்தார். வினாப்பட்டியலில் இருந்த எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

வகுப்பில் ரவிக்குமாருக்குத்தான் கைதட்டல். இளநீர் கிடைத்தவன் அல்லவா. அவனும் விடவில்லை. “உனக்கு வெறும் மோரு. எனக்கு ஆள விட்டு எளநி எறக்குனாங்க. யாரு பெரிய ஆளு?” என்று சண்முகப்ரியாவைச் சீண்டினான். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, “எளநிய எதுல ஊத்திக் குடுத்தாங்க?” என்று கேட்டாள்.

“எதுலயும் ஊத்தல. அப்படியே…” என்று சொல்ல ஆரம்பித்த ரவிக்குமார் பாதியில் நின்றான்.

இளநீருக்கு டம்ளர் தேவையில்லை. குடித்த மட்டையைத் தூக்கி எறிந்துவிடலாம். மணி அடிக்கும் வரை மாணவர்களே பேசிக்கொண்டார்கள், பாதிப் பேர் கோபமாக. பாவாத்தாள் கெட்டவரா என்று ஒருவன் கேட்டதற்கு, அவர் நல்லவர், அதனால்தான் இது பாடம் என்று ரவிக்குமாரே பதில் சொன்னானாம். அவன் இப்போது அவிநாசிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறான்.

இந்த வழிக்கு எதிர்ப்பு வராமலா இருக்கும்? பெற்றோர் வந்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் கல்லூரிக்குப் போன் பண்ணி, பிள்ளைகள் கேள்வி கேட்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். கிருபாவின் கணவர் ஜெரோம், மதுக்கரையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர், தன் பங்குக்குச் சொல்வார்: “நாப்பது பேரக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு கேள்வியும் கேக்காம திரும்பி வர்றதுக்குச் சம்பளம் தர்றாங்கன்னா, எனக்கும் அந்தக் காலேஜுல ஒரு வேல பாரு அம்மணி.” இதையெல்லாம் கிருபா தாங்கிக்கொள்வார். அவரால் தாங்க முடியாதது சக ஆசிரியர்களின் பாராட்டு. ஐந்து வருடமாக எல்லோரும் அருமை என்கிறார்கள். ஒருவரும் செய்து பார்க்கவில்லை.

பயிலரங்குக்குத் திரும்புவோம். தலைமை திருமலைசாமி, ஈரோடு பக்கத்துக் கல்லூரியின் துறைத்தலைவர், மதியம் பாடத்திட்டக் குழுவுக்கும் அவரே தலைவர். யாரையும் கடிந்து பேசி அறியாதவர். ஐம்பது நிமிடம் பேசியவரைக்கூட மணியடித்து நிறுத்தவில்லை. அதன் விலையைக் கிருபா கொடுத்தார். “மேடம், பத்து நிமிசத்துல முடிச்சுக்கலாமுங்களா? எலை போட்டுட்டாங்களாமா” என்றார் மிகவும் பணிவாக.

கிருபா எழுதி வந்த உரையை மடித்துப் பைக்குள் வைத்தார். மதுக்கரைப் பக்கம் மாணவர்கள் செய்துவருவதை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, எல்லோரும் ஒரு தாள் எடுங்கள் என்றார். காலையில் காபி குடிக்கும்போது பக்கத்தில் நின்றவர் உங்களிடம் கேட்ட முதல் மூன்று கேள்விகளை எழுதுங்கள்.

முப்பது பேராசிரியர்களில் பாதிப் பேரிடம்தான் பேனா இருந்தது. பேனா கைமாறி, ஒருவழியாக எழுதி முடித்தார்கள். முன்வரிசையில் இருந்த தம்பிதுரை, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத இளைஞர், படிக்கட்டுமா என்று எழுந்தார். எந்தக் காலேஜுங்க, எந்தூருங்க, கொலசாமி எங்கீங்க. கேட்டது நம்ம தலைவர் சார்தான் என்றார். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் இருவரும் ஒரே கோயிலுக்குக் கும்பிடுகிற பங்காளிகள் என்று தெரிந்து, சார் தோளில் கை போட்டுப் போண்டா வாங்கிக் கொடுத்தார் என்றும் சொன்னார். அரங்கு சிரித்தது. திருமலைசாமியும் சிரித்தார்.

“என்னையும் ஒருத்தர் கேட்டாருங்க” என்றார் கிருபா. “எந்தக் காலேஜுங்கன்னாரு. எந்தூருங்கன்னாரு. கோபின்னேன். கோபியில எந்தப் பக்கமுங்கன்னாரு. சொன்னேன். அதுக்கப்புறம், காபிக்குச் சக்கர போதுமாங்கன்னாரு.”

யார் என்று அவர் சொல்லவில்லை. காபி மேசையருகே நின்ற எல்லோருக்கும் தெரியும். திருமலைசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மைக்கை இழுத்து, “ரொம்ப அருமையா இருந்ததுங்க மேடம். புதுமையான அணுகுமுறை” என்றார். கைதட்டினார்கள்.

கேள்வி நேரம் ஐந்து நிமிடம். பொள்ளாச்சியிலிருந்து வந்தவர், இந்த முறைக்கு மாதிரி வினாப்பட்டியல் இருந்தால் கொடுங்கள், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறோம் என்றார். வினாப்பட்டியல் இல்லாததுதான் இந்த முறை என்று கிருபா சொன்னார். சரிங்க, இருந்தாலும் ஒரு மாதிரிக்கு என்றார் அவர். இன்னொருவர், மாணவனிடம் மூன்று கேள்வி கேட்டால் எத்தனை மார்க், ஐந்து கேட்டால் எத்தனை, யாரும் எதுவும் கேட்காவிட்டால் பூஜ்யமா என்றார். அதுவும் விளையாட்டாக இல்லை. குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

கடைசியாக எழுந்தவர் இஸ்மத், நகரத்துப் பெண்கள் கல்லூரியில் ஆசிரியை, கோட்டைமேட்டுக்காரர். பாடத்திட்டக் குழு உறுப்பினரும்கூட. “மேடம், இத எங்க காலேஜுல செய்ய முடியாதுங்க” என்றார். “எங்க பிள்ளைங்கள மதுக்கரை வரைக்கும் யாரு அனுப்புவா? காலேஜுக்கு அனுப்பறதே எங்க மாமாவப் போல நாலு பேரு வீடு வீடாப் போயிப் பேசித்தான் நடக்குது. நீங்க பஸ் ஏறுங்கறீங்க.”

கிருபாவுக்கு அன்று முதல்முறையாக முகம் தெளிந்தது. பந்தியில் போய் இஸ்மத் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான் என்றாராம். இஸ்மத்துக்கு இது பாராட்டா திட்டா என்று புரியவில்லை. ரசத்துக்குச் சோறு வாங்கும்வரை இருவரும் சண்டை போட்டார்கள். வெளியூருக்குப் போனால்தான் களப்பணியா, சொந்தத் தெருவில் நடந்தால் ஆகாதா என்பது இஸ்மத்தின் கேள்வி. தெரிந்த தெருவில் யார் புதிதாகக் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்பது கிருபாவின் கேள்வி. மோருக்கும் முடிவு வரவில்லை.

மூன்று மணிக்குக் குழு கூடியது. உறுப்பினர்கள் ஏழு பேர். குறிப்பெடுக்கத் தம்பிதுரையை மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். கிருபாவுக்கு ஓட்டு கிடையாது, பின்வரிசையில் உட்காரலாம். களப்பணி விஷயம் வந்ததும் திருமலைசாமி, காலையில் மேடம் மிக நன்றாக எடுத்துச் சொன்னார்கள், அதையெல்லாம் மனதில் வைத்து, காலத்துக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் பேப்பரைக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறோம், யாருக்கும் ஆட்சேபணை இல்லீங்களே என்றார். ஒருவரும் பேசவில்லை. இந்தக் கூட்டங்களில் பேசாமல் இருந்தால் நிறைவேறியது என்று அர்த்தம். அடுத்த தலைப்புக்குப் போகப் பக்கத்தைத் திருப்பினார்.

கிருபா எழுந்தார். “ஆட்சேபண இருக்குதுங்க.”

“மேடம், நீங்க சொன்னத எல்லாருமே மனசுல வெச்சிருக்கறமுங்க.”

“மனசுல வேண்டாங்க சார். அங்க வெச்சா எனக்குத் தெரியாது. ஒவ்வொருத்தரும் இருக்கட்டும், வேண்டாம், ரெண்டுல ஒண்ண வாயில சொல்லட்டும். பாத்துக்கலாம்ங்கறது மட்டும் வேண்டாங்க. அஞ்சு வருசமா அதத்தான் கேட்டுட்டிருக்கறேன்.”

இப்படிக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. கூட்டம் நெளிந்தது. முதல் உறுப்பினர், நல்ல பேப்பர்தானுங்க, ஆனா நடைமுறையில என்று இழுத்தார். இருக்கட்டுமா வேண்டாமாங்க என்றார் கிருபா. அவர் கூரையைப் பார்த்துவிட்டு, வேண்டாமுங்க என்றார், ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவர்போல. அடுத்தவரும் வேண்டாம். அதற்கடுத்தவர் இருக்கட்டும். நான்காவது ஆள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஏதோ சொல்லப் பார்த்து, முடியாமல், இருக்கட்டும் என்றார். ஐந்தாவது, வேண்டாம்.

ஆறாவது இஸ்மத். மதியம் முழுக்கச் சண்டை போட்டவர் என்பதால், இதுவும் வேண்டாம்தான் என்று கிருபா ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

“இருக்கட்டும்” என்றார் இஸ்மத். “ஆனா ஊரு எதுன்னு மேடம் சொல்லக் கூடாது, அந்தந்தக் காலேஜே முடிவு பண்ணிக்கட்டும். எங்க புள்ளைங்க எங்க தெருவுலயே நடக்கட்டும். எங்க தெருவுல யாரும் யாரையும் கேக்க மாட்டாங்கன்னா நெனைக்கறீங்க? கல்யாணப் பத்திரிகை குடுக்கப் போனாலே மூணு தலமொறைய விசாரிச்சுட்டுத்தான் சர்பத் குடுக்கறாங்க.”

மூன்றுக்கு மூன்று. மிச்சம் தலைவர். திருமலைசாமி பேனாவை மூடினார், திறந்தார். கம்ப்யூட்டர் யோசனையே அவருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். எதிரே கிருபா மறுபடி எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் கிருபாவைப் பார்க்காமல் தம்பிதுரையைப் பார்த்தார். தம்பிதுரை மேசையைப் பார்த்தார்.

“கோபியில அந்தப் பக்கம் எனக்குத் தெரியுமுங்க மேடம்” என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில். “எங்க பெரியப்பா வயலு அங்கதான் இருக்குது. அதனாலதான் மேல கேக்கல.”

“தெரியுமுங்க சார்” என்றார் கிருபா. “எங்கப்பா அதுல வேல செஞ்சிருக்கறாரு.”

யாரோ மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள்.

“இருக்கட்டுமுங்க” என்றார் திருமலைசாமி. அவர் அதோடு விடவில்லை. மார்க் போட ஏதாவது வேண்டும், அதனால் நூறு மதிப்பெண்ணை ஐம்பதாகக் குறைத்து, மீதி ஐம்பதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடலாம். களப்பணிக்கு எல்லாக் கல்லூரிக்கும் பொதுவாக நாற்பது கேள்வி கொண்ட வினாப்பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை மேடமிடமே ஒப்படைக்கலாம். ஆட்சேபணை இல்லீங்களே?

கிருபா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இஸ்மத் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “ஒரு நாளைக்கு ஒரு சண்ட போதும் மேடம்” என்றார்.

காபி கொடுக்கும்போது பொள்ளாச்சிக்காரர் வந்து கிருபாவுக்கு வாழ்த்துச் சொன்னார். நல்லதாகப் போயிற்று, கடைசியில் வினாப்பட்டியல் வருகிறதே, அச்சானதும் எனக்கு ஐம்பது பிரதி அனுப்புங்கள் என்றார். கிருபா அவரையே பார்த்தார். பிறகு விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த நாற்பது கேள்விகளை அவர் மார்ச் மாதம் எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் பக்கத்தில், கேள்விகளுக்கு முன்னால், மாணவரிடம் வீட்டுக்காரர் கேட்டவற்றை எழுத அரைப் பக்கம் வெற்றிடம் விட்டிருந்தார். தாள் வீணாகிறது என்று அச்சகத்தில் அதைக் கால் பக்கமாகக் குறைத்துவிட்டார்கள். கிருபா அச்சகத்துக்குப் போய் முழுதாக ஒரு மணி நேரம் கத்தினார். மறுபடி அரைப் பக்கமானது.

புதிய பாடத்திட்டம் வரும் ஜூனில் நடைமுறைக்கு வருகிறது. முதல் களப்பணி ஜூலையில், இஸ்மத்தின் கல்லூரியிலிருந்து நடந்து போகிற தூரத்திலுள்ள தெருக்களில் நடக்கும். கிருபாவின் மாணவர்களும் இஸ்மத்தின் மாணவிகளும் ஒன்றாகப் போகிறார்கள்.